பேச்சு நிற்காத இடம்

"குடை" என்று நோயாளி சரியாகத்தான் சொன்னார். டாக்டரம்மாவுக்குத்தான் அது என்னவென்று தெரியவில்லை.

சுவர்த்திரையில் கறுப்புத் துணியும் வளைந்த பிடியுமாக ஏதோ ஒரு பொருள் தெரிந்தது. குடை என்ற சத்தம் காதில் விழுந்தது, ஆனால் அந்தப் பொருளோடு போய் ஒட்டவில்லை. நோயாளியின் திறந்த மூளையின் மேல் வைத்திருந்த மின்முனையை அவள் எடுத்தாள். உடனே குடை குடையாகிவிட்டது.

தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள். மகள் இன்று வருகிறாள். சண்டை போட்டுவிட்டுப் போனவள், மாதக்கணக்கில் பேசாதவள், நேற்று தானாகவே அழைத்து, "ஆஸ்பத்திரிக்கே வந்துடறேம்மா, நீ ஆபரேஷன் முடிச்சிட்டு வா" என்றாள். அதற்குப் பிறகு எந்தத் தாய்க்குத் தூக்கம் வரும்?

ஜன்னல் இல்லாத அறை அது. பகலும் இரவும் அங்கே ஒரே வெள்ளை வெளிச்சம்தான். மருந்து நெடிக்கு அடியில் எலும்பு அறுத்த தூளின் வாடை இன்னும் தங்கியிருந்தது. எத்தனையோ வருடங்களாக, முதுகுத்தண்டில் நரம்புகளை இழை இழையாக விலக்கியும் மண்டைக்குள் கட்டிகளைச் சுரண்டியும் அவள் வாழ்க்கையின் பெரும்பகுதி இப்படிப்பட்ட அறைகளில்தான் கழிந்திருந்தது.

மூளையில் பேச்சை ஆளும் பகுதிக்குப் பக்கத்தில் கட்டி இருந்தால் நோயாளியை விழித்திருக்க வைத்தே அறுப்பார்கள். மூளைக்கு வலி கிடையாது. அறுக்கப்போகும் இடத்தை மின்முனையால் தொட வேண்டும். படம் பார்த்துப் பெயர் சொல்லும் நோயாளியின் பேச்சு நின்றால் கை வைக்கக் கூடாது, நிற்காவிட்டால் எடுத்துவிடலாம். முனையைத் தூக்கிய பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். மாணவர்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

"டாக்டரம்மா, உள்ள ஏதாவது இருக்கா? எம் பொண்டாட்டி காலி டப்பான்னுதான் சொல்லுவா" என்றார் துணிமறைப்புக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த பஸ் ஓட்டுநர்.

"இருக்குங்க, அதனாலதான் இவ்ளோ நேரம் ஆகுது" என்றார் மயக்க மருத்துவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள். குடை என்றபோது அவர் பேச்சு நிற்காததால், முனை தொட்ட அந்த இடத்தை உறிஞ்சுகுழாயால் எடுத்தாள். ஈரமான, மெல்லிய சத்தம்.

அடுத்த சுற்றில் அதே படம் வந்தது.

"அது என்ன?" என்று அவள் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

செவிலியர் நிமிர்ந்து பார்த்தார். "குடை மேடம்."

"ம். தெரியும்."

தெரியவில்லை. இந்த முறை மின்முனை எதன்மேலும் இல்லை.

"குடை" என்றார் ஓட்டுநர் மெதுவாக. "கைப்பிடியில பல்லுத் தடம் இருக்கும். பாப்பா கடிச்சது."

"உங்களுக்குப் பொண்ணு இருக்கா?" என்று கேட்டார் படம் காட்டும் பேச்சுப் பயிற்சியாளர்.

"இல்லையே! ரெண்டும் தடிப்பசங்க." அவரே குழம்பிச் சிரித்தார். "ஏன் அப்படிச் சொன்னேன்?"

அவள் அடுத்த இடத்தைத் தொட்டாள். ஓட்டுநர் "சாவி" என்றார், பிசிறில்லாமல். அவளுக்குள் ஏதோ வீட்டின் மாடிப்படி பாதியில் அறுந்து நின்றது. முனையைத் தூக்கினாள். தன் வீட்டுப் படிதான். மகள் உட்கார்ந்து ஷூ மாட்டும் படி.

யாரிடம் சொல்வது? என்னவென்று சொல்வது?

கடைசியில் பட்டாணி அளவு மிச்சமிருந்தது. தொட்டாள். "பூனை" என்றார் ஓட்டுநர்.

அவளுக்குள் ஒரு பெரிய இடம் காலியானது. வலி இல்லை. வெறுமனே காலி. கையை வெடுக்கென்று இழுத்தாள். அத்தனையும் திரும்பி வந்து மோதியது. காய்ச்சலில் கொதித்த சின்ன நெற்றி, கதவை அறைந்து சாத்திய சத்தம், நேற்று ஃபோனில் கேட்ட அந்த 'அம்மா'.

இதை எடுக்கக் கூடாது.

"கொஞ்சங்கூட மிச்சம் வெக்காதீங்க டாக்டரம்மா" என்றார் ஓட்டுநர். "விட்டா மறுபடி வளரும்னு நீங்கதானே சொன்னீங்க."

"அக்கா, போதும்னா மூடிடலாமே" என்றார் மயக்க மருத்துவர்.

மூடிவிடலாம். யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. ஆனால் பயந்துபோய் ஒருவரின் தலைக்குள் கட்டியை விட்டுவிட்டு வந்தோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். எல்லாம் அசதியாகவும் இருக்கலாம்.

"இரு. ஒரே ஒரு தடவை பார்த்துடறேன்."

தொட்டாள்.

"நாற்காலி" என்றது குரல்.

பேச்சு நிற்கவில்லை. நல்ல இடம். ஏன் தயங்கினோம்? காரணத்தைத் தேடினாள். காரணம் இல்லை. எதையோ காப்பாற்ற நினைத்தோமே. எதை? முனை இன்னும் அங்கேயே இருந்தது. தூக்க வேண்டும் என்று எங்கோ ஒரு விதி. இடது கை தூக்கவில்லை. வலது கையில் குழாய். பழகிய கை.

மெல்லிய சத்தம்.

சுத்தம்.

"அருமை அக்கா" என்றார் மயக்க மருத்துவர்.

தலையை மூடிக் கட்டுப்போட்ட பிறகு, தள்ளுபடுக்கையோடு அவளும் தாழ்வாரத்தில் நடந்தாள். உடம்பு லேசாக இருந்தது. வெளியே மழை போலிருக்கிறது. லிஃப்ட் அருகே ஒரு பெண் சொட்டச் சொட்ட நனைந்து நின்றாள். அழுதிருந்த கண்களோடு அவள் சிரிக்க முயன்றாள்.

"அம்மா" என்றாள்.

யாரைக் கூப்பிடுகிறாள் என்று டாக்டரம்மா திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"ஏன்டி, தலையைக் கூடத் துவட்டாம வந்து நிக்கிற?"

படுக்கையிலிருந்து வந்தது அது. ஓட்டுநரின் தடித்த குரல்தான். ஆனால் தன் அம்மாவுக்கே உரிய அந்தச் செல்லக் கோபத்தைக் கேட்டதும் பெண்ணின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்று டாக்டரம்மா பரிவாகக் கேட்டாள்.

ஓட்டுநரின் ஊசி செருகிய கை போர்வையின் ஓரத்தைப் பிடித்தபடி எழும்பி, அந்த ஈரக் கூந்தலைப் பற்றித் தன்பக்கம் இழுத்தது. வகிட்டிலிருந்து நுனிவரை, பொறுமையாக, பழகிய கையாகத் துவட்டத் தொடங்கியது. குனிந்த தலையை விடுவித்துக்கொள்ள முடியாமல் அந்தப் பெண், கண்களை மட்டும் உயர்த்தி டாக்டரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.