உப்பு வரி

"உன் கடிதத்துல உன் வரின்னு ஒண்ணாவது இருக்கா? ஒண்ணே ஒண்ணு எழுது, வந்துடறேன்" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிட்டான் சபேசன். கோபித்துக்கொண்டு ஓசூரில் போய் உட்கார்ந்திருக்கும் கணவன்.

இளவேனிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுதுபலகையைத் திறந்தாள். ஓர் எழுத்தைத் தட்டுவதற்குள், அதில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் சொற்கிடங்கு முந்திரிக்கொட்டையாகப் பத்து வாக்கியங்களை நீட்டியது. எல்லாம் யாரோ எப்போதோ எழுதிய துணுக்குகள். கல்யாணப் பத்திரிகையோ ராஜினாமாவோ, இப்போது யார் உட்கார்ந்து எழுதுகிறார்கள்? எடுத்து ஒட்டுகிறார்கள். துணுக்கு கிடங்கில் ஒரே இடத்தில்தான் இருக்கும். கடிதத்தில் தெரிவது அதன் நிழல். எழுதியவர் மூலத்தைத் திருத்தினால், அனுப்பிய கடிதங்கள்கூடத் தாமாகத் திருந்திவிடும்.

எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, யோசித்து யோசித்து எழுதினாள்: 'ரசத்தில் உப்புப் போதவில்லை என்று சொல்ல இங்கே ஆள் இல்லை.'

தினமும் அதைச் சொன்னவன் சபேசன். அதில்தான் சண்டையே வந்தது. அனுப்பியதும் மனசு லேசானது.

ஆனால் புதிய வரி எதையும் கிடங்கு விட்டுவைக்காது. மாலைக்குள் உப்பு வரி லட்சம் கடிதங்களில் ஒட்டப்பட்டிருந்தது. ஒரு ஓட்டல் விளம்பரத்திலும் வந்துவிட்டது. சபேசனோ அவள் கடிதத்தை இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால், இதுவும் ஒட்டியதுதான் என்பானே.

எழுதியவள் என்ற உரிமையில் மூலத்தைத் திருத்தினாள்: 'சபேசன், உப்பு வரியை எழுதியதே நான்தான். வீட்டுக்கு வாங்க.'

சற்றைக்கெல்லாம் தோழி ரெஜினா கூப்பிட்டாள். "என் வீட்டுக்காரர் எனக்கு எழுதின கடிதத்துல உன் புருஷனை எதுக்குடி வீட்டுக்குக் கூப்பிடறார்?"

பதில் சொல்வதற்குள் பலகை மினுக்கியது. சபேசனின் கடிதம். மத்தியானமே எழுதி, இப்போதுதான் அனுப்பியிருக்கிறான். ஆவலோடு பிரித்தாள்.

'அன்புள்ள இளவேனி, சபேசன், உப்பு வரியை எழுதியதே நான்தான். வீட்டுக்கு வாங்க. இப்படிக்கு, சபேசன்.'

சிரிப்பு வந்தது. உடனே நின்றும்விட்டது. சமாதானத்துக்கு அவனும் கிடங்கிலிருந்து உப்பு வரியைத்தான் எடுத்து ஒட்டியிருக்கிறான்.

உப்புப் போதவில்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வரி சொல்லும் ஆள் தான்தான் என்பது, எடுத்து ஒட்டும்போதுகூட அவனுக்குத் தெரியவில்லை.