சுகன்யாவின் தட்டு

ஞாயிறு மதியம் ஐரின் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபோது, நேற்று சாயங்காலம் தட்டு முழுக்கப் பரவிக் கிடந்த வெள்ளணுக்கள் ஒரு பக்க ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. தட்டு சுகன்யாவுடையது. வெள்ளணுக்கள் ஐரினுடையவை.

திண்டுக்கல்லுக்கு வெளியே இருந்த அந்தக் கல்லூரி ஆய்வகத்தில் விடுமுறை அமைதி. பேகம்பூர்த் தோல் ஆலைகள் பக்கமிருந்து வந்த காற்றில் தோல் ஊறும் வாடை இருந்தது. செல்களைச் சூட்டில் வைத்திருக்கும் பெட்டி மூலையில் விடாமல் முனகிக்கொண்டிருந்தது. எலியின் கணையத்திலிருந்து, இன்சுலின் சுரக்கும் சின்னஞ்சிறு திட்டுகளைக் கையாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து வளர்ப்பதுதான் அங்கே வேலை. ஐரின் நான்கு வருடமாகப் பொறுக்குகிறாள்; அவள் கை பட்டவை மூன்றாம் நாள் உதிர்ந்துபோகும். வேடசந்தூரிலிருந்து ஆறு மாதம் முன்பு வந்து சேர்ந்த சுகன்யா பொறுக்கியவை மூன்று வாரமாகியும் உயிரோடு இருந்தன, சர்க்கரையைக் கண்டதும் இன்சுலினை வாரி விட்டன.

"அந்தப் பிள்ளைக்கு என்னா கைராசிம்மா" என்றார் ஆய்வகத் தலைவர் இருதயநாதன் சார், ஐரினிடமே. மேல் ஆராய்ச்சிக்குப் பெங்களூருக்கு அனுப்ப ஒரே ஓர் இடம் இருந்தது. அதையும் சுகன்யாவுக்கே கொடுத்துவிட்டார்.

ஐரினுக்கு வயிறு எரிந்தது. ஒன்பது வயதிலிருந்து இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவள் அவள். அவளுடைய வெள்ளணுக்களே அவளுடைய கணையத் திட்டுகளை எதிரியென்று எண்ணித் தின்று தீர்த்திருந்தன. எனக்குள் ஒன்றுகூட மிச்சமில்லை, இவளுக்கு மட்டும் தட்டு நிறையவா? நேற்று எல்லோரும் போனபின் தன் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து அந்தத் தட்டில் விட்டாள். இதையும் தின்னட்டும்.

தின்னவில்லை. திட்டுகள் கொழுகொழுவென்று அப்படியே இருந்தன.

தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தாள். அணுக்கள் எதிர் ஓரத்துக்கு ஊர்ந்தன. இவ்வளவு வேகமாக எந்த அணுவும் ஊராது. மறுபடி திருப்பினாள். மறுபடி ஊர்ந்தன. எப்படித் திருப்பினாலும் ஒரே திசை.

வாசல் பக்கம்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்னக்கா, லீவு நாள்லயும் வந்துட்டீங்க?" சுகன்யா உள்ளே வந்தாள். "தட்டைச் செத்த நேரம் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

ஐரின் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சுகன்யா மேசையைச் சுற்றி ஜன்னலுக்குப் போனாள். அணுக்களும் ஜன்னல் பக்கம் போயின. அலமாரிக்குப் போனாள். அவையும் அலமாரிப் பக்கம்.

ஐரினின் வலது முழங்கைக்குள் ஏதோ ஊர்ந்தது.

"மூஞ்சி வெளிறிப்போச்சேக்கா. சாப்டீங்களா?" சுகன்யா அருகில் வந்து அவளுடைய வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டாள். "இம்புட்டுச் சில்லுனு இருக்கு. சுகர் இறங்கிருச்சா?"

ஐரினின் தோலுக்கடியில் வெளுத்த மணிகள். ரவை அளவு. முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு. மணிக்கட்டிலிருந்து உள்ளங்கைக்கு. ஐரின் கையை இழுத்தாள். வரவில்லை. அவளுடைய சொந்த விரல்கள்தான் சுகன்யாவை இறுக்கிப் பிடித்திருந்தன.

உதறிவிட்டு ஓடு என்று கத்த நினைத்தாள். வாய் திறக்கவில்லை.

"வலிக்குதுக்கா" என்றாள் சுகன்யா.

சுகன்யாவின் மணிக்கட்டில், தோலுக்கடியில், முதல் மணி மேலேறியது. பின்னால் இன்னொன்று. பிறகு வரிசையாக. அவள் வயிற்றுக்குள் எதைத் தேடிப் போகின்றன என்று ஐரினுக்குத் தெரியும்.