வளையம் இல்லாத சிவப்புப் புள்ளி

மதியம் நான் வேலைக்கு வந்தபோது கடற்கரைக் கன்டெய்னர் அறையில் வழக்கம்போல உப்பும் சூடேறிய ஒயரும் கலந்த வாடை. பாய்மரப் படகுப் பந்தயத்தை டிவியில் நேரலையாகக் காட்டும்போது, படகுகளைச் செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்ந்து வரைபடத்தில் வண்ணப் புள்ளிகளாக ஓடவிடுவது என் பிழைப்பு.

சிவப்பு, எண் ஏழு, என் தம்பியுடையது. போன வருடம் வரைக்கும்.

அவன் படகோட்டி. நான் அவன் புள்ளியைப் பார்ப்பவன். அம்மாவுக்குப் பெருமை எல்லாம் டிவியில் வரும் பிள்ளைமேல்தான். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

போன வருடம் நடுக்கடலில் ஏழின் சிக்னல் அறுந்தது. அறுந்தால், கடைசி வேகத்தை வைத்துக் கம்ப்யூட்டரே புள்ளியை ஓட்டும். என் திரையில் மட்டும் அதைச் சுற்றி வெள்ளை வளையம் விழும். வீட்டில் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. மூன்று நிமிடம் தாண்டினால் நான் மீட்புப் படகைக் கூப்பிட வேண்டும்.

அப்போது அம்மா போன் செய்தாள். "தம்பிதானேடா முதல்ல?"

வளையத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஆமாம்மா, அவன்தான் முதல்ல."

கொஞ்சம் திண்டாடட்டும் என்று பதினொரு நிமிடம் கூப்பிடாமல் விட்டேன். கவிழ்ந்த படகும் சிக்னல் பெட்டியும் கிடைத்தன. அவன் கிடைக்கவில்லை. விசாரணையில் பழியைக் கம்ப்யூட்டர்மேல் போட்டேன். பேட்டரி கழற்றிய பெட்டி இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது.

இன்று பந்தயம் பாதியில் இருந்தபோது டைரக்டர் என் காதருகே குனிந்தார்.

"ஏழு யாருப்பா? லிஸ்ட்லயே இல்லையே."

சிவப்புப் புள்ளி.

சுற்றி வளையம் இல்லை.

சிக்னல் நிஜமாகவே வந்துகொண்டிருந்தது.

அழித்தேன். திரும்பி வந்தது. டிராயரைத் திறந்தேன். பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

புள்ளி எல்லாரையும் முந்தி, முடிவுக் கோட்டைத் தாண்டி, கரையேறியது. எங்கள் அறையைக் கடந்தபோது கதவு ஒருமுறை தட்டப்பட்டது. பிறகு புள்ளி ஊருக்குள் திரும்பியது.

எங்கள் தெருவை நோக்கி.

காரை எடுத்துப் பறந்தேன். எதிரே வந்த லாரி உரசினாற்போல் ஒரு சத்தம். நிறுத்தவில்லை. போனிலும் என் திரையின் அதே வரைபடம்; நான் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளிக்கு முன்னால் சிவப்பு. செத்தும் முந்துகிறானே என்று அப்போதும் எரிந்தது.

வாசலிலிருந்து ஈரக் காலடிகள். அம்மாவின் மடியில் நனைந்த துண்டு.

"யாரும்மா வந்தது?"

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. டிவியைப் பார்த்தபடி முணுமுணுத்தாள்.

"நான் போன் பண்ணப்போ பெரியவன், தம்பிதான் முதல்லன்னு சொன்னான். என் சின்னவன் அப்பத் தண்ணிக்குள்ள இருந்து அவனைத்தான் கூப்பிட்டுட்டு இருந்தானாம்."

"அம்மா."

அவள் காதில் விழவில்லை.

போனைப் பார்த்தேன். வீட்டுக்குள் இரண்டு புள்ளிகள் ஒட்டி நின்றன.

வெள்ளை வளையம் நீலத்தைச் சுற்றி இருந்தது.