பொத்தான் எதைப் பார்த்தான்?

துறுதுறுவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. உட்கார்ந்தால் கால் ஆடும். காலைப் பிடித்து வைத்தால் விரல்கள் தாளம் போடும். விரல்களையும் மடக்கிக்கொண்டால் வாய் பேச ஆரம்பித்துவிடும்.

"உன் நாற்காலியில என்ன முள்ளா இருக்கு?" என்று பள்ளியில் ஆசிரியை கேட்பார். "காலை ஆட்டாதே!" என்று வீட்டில் அம்மா சொல்வார். அப்படிச் சொன்ன உடனே கால் இன்னும் வேகமாக ஆடும். அது ஏன் என்று அவளுக்கே தெரியாது. அவளுடைய உண்மையான பெயர் பள்ளி வருகைப் பதிவில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவள் துறுதுறுதான்.

இப்படிப்பட்டவளுக்கு அசையாமல் இருக்கும் வேலை கிடைத்தது என்றால் நம்புவீர்களா? கிடைத்தது. கொடுத்தவர் அவளுடைய சித்தி.

சித்தி சினிமாவில் லைட் வேலை பார்ப்பவர். நடிப்பவர் வந்து உட்காருவதற்கு முன்பே, அவர் முகத்தில் வெளிச்சம் எப்படி விழும் என்று பார்த்துச் சரிசெய்துவிட வேண்டும். அதுவரை நடிகரையே காக்க வைக்க முடியாது. அதனால் அதே உயரத்தில் இருக்கும் வேறு ஒருவரை உட்கார வைப்பார்கள். அன்று நடிக்க வேண்டியவன் ஒரு சின்னப் பையன். அவனுக்குப் பதிலாக உட்கார வேண்டிய பிள்ளைக்குக் காய்ச்சல். விடுமுறையில் வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்த துறுதுறு, அளவெடுத்தது போல அதே உயரம்.

"உட்காந்தா போதும். வேற எதுவும் பண்ண வேண்டாம்," என்றார் சித்தி.

"அதுதான் சித்தி கஷ்டம்," என்றாள் துறுதுறு.

அது ஒரு பெரிய கொட்டகை. உள்ளே பலகையால் ஒரு வீடு கட்டியிருந்தார்கள். முன்னால் பார்த்தால் அசல் வீடு. பின்னால் போனால் வெறும் கட்டையும் ஆணியும். படிக்கட்டில் ஏறினால் மாடி வராது, சித்தியின் லைட்தான் வரும். துறுதுறு ஏறிப் பார்த்துவிட்டாள்.

அந்தப் படிக்கட்டின் கீழ்ப்படியில்தான் அவள் உட்கார வேண்டும். உட்கார்ந்தாள். சுவரில் அவள் நிழல் ஆடியது.

"நான் உன்னை உட்காரச் சொன்னேன், டான்ஸ் ஆடச் சொல்லல," என்றார் சித்தி.

துறுதுறு இரண்டு கைகளாலும் முழங்காலை அமுக்கிக்கொண்டாள். நேரம் போக வேண்டுமே! கண்ணை மட்டும் ஓட விட்டாள். எதிரே கேமரா. அதன் பக்கத்தில் ஒரு கம்பி, கம்பியின் உச்சியில் ஒட்டிய சிவப்பு டேப். அதற்குக் கொஞ்சம் கீழே ஒரு மேசை, மேசைமேல் கேமரா எடுப்பதைக் காட்டும் ஒரு சின்னத் திரை. மேசைக்குப் பின்னால் காலி நாற்காலி. அவ்வளவுதான். பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்த்து அவளுக்கு எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது.

வெளிச்சம் சரியானதும் அந்தப் பையனை அழைத்து வந்தார்கள். சட்டைப் பொத்தான் மாதிரி வட்டக் கண்கள். காலையில் யாரோ 'பொத்தான்' என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது.

"அக்கா, நான் நடிக்கப் போறேன்னு எங்க தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்," என்றான் அவன் துறுதுறுவிடம்.

"எல்லார்கிட்டயுமா?"

"நாய்கிட்டகூட."

காட்சி சின்னதுதான். அப்பா வேலைக்காகத் தொலைதூரம் போகிறார். பையன் படியில் உட்கார்ந்து அவர் போவதைப் பார்க்க வேண்டும். பேசக் கூடாது, அழக் கூடாது, பார்த்தால் போதும். ஆனால் அப்பாவாக நடிப்பவர் தன் வேலையை முடித்துக்கொண்டு முதல் நாளே போய்விட்டார்.

"அந்தச் சிவப்பு டேப்தான் உன் அப்பா. அதைப் பாரு கண்ணா," என்றார் இயக்குநர்.

இயக்குநர் குரல் கொட்டகையின் கூரை வரை போகும். அன்று அவர் முகம் வேறு கடுகடுவென்று இருந்தது. காரணம் வாசலில் நின்றது. சாயங்காலத்துக்குள் இந்த வீட்டைப் பிரித்துவிட்டு வேறொரு படத்துக்கு வேறொரு வீடு கட்ட வேண்டும். தச்சர்கள் சுத்தியலோடு காத்திருந்தார்கள். அவர்களுடைய மேஸ்திரி அடிக்கொரு தரம் தலையை நீட்டி, "சார், கழட்டலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருய்யா!" என்று கத்திவிட்டு இயக்குநர் மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். "ஆக்‌ஷன்!"

பொத்தான் டேப்பைப் பார்த்தான். அவன் கண்களில் உண்மையாகவே ஏக்கம் வந்தது. அப்புறம் என்ன ஆனதோ, உதடு கோணியது. கன்னம் உப்பியது. 'புர்ர்' என்று சிரித்துவிட்டான்.

"கட்! என்னப்பா சிரிப்பு?"

பொத்தான் தலையைக் குனிந்துகொண்டான். மறுபடி எடுத்தார்கள். மறுபடி 'புர்ர்'.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். சட்டைக் காலர் கழுத்தில் கூசுகிறது என்றார் ஒருவர். காலரைத் தளர்த்தினார்கள். பசியாக இருக்கும் என்றார் இன்னொருவர். பிஸ்கட் கொடுத்தார்கள். அடுத்த தடவை அவன் சிரித்தபோது பிஸ்கட் தூள் பறந்தது. அவ்வளவுதான் மாற்றம்.

"சார், கழட்டலாமா?"

"யோவ்!"

துறுதுறு சித்தியின் பக்கத்தில், லைட் கம்பத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பொத்தான் முகத்தையே பார்த்தாள். டேப்பைப் பார்க்கும்வரை ஒன்றும் இல்லை. பிறகு கண் கொஞ்சம் கீழே இறங்குகிறது. இறங்கியதும் உதடு கோணுகிறது.

டேப்புக்குக் கீழே என்ன இருக்கிறது? அதுதான் அவளுக்கு மனப்பாடம் ஆயிற்றே! மேசையும் காலி நாற்காலியும்தான். காலி நாற்காலியைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா?

அதற்குள் இயக்குநர் பொறுமை இழந்துவிட்டார். "இது சரிப்பட்டு வராது. வேற பையன் யாராவது இருக்கானா?"

"ஒருத்தன் இருக்கான் சார். போன் பண்ணா அரை மணியில வந்துடுவான்," என்றார் உதவி இயக்குநர்.

"வரச் சொல்லு."

பொத்தான் படியிலிருந்து மெல்ல எழுந்தான். யாரையும் பார்க்காமல் வெளியே தண்ணீர் டிரம் இருந்த பக்கம் போனான். போகும்போது சட்டையில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டே போனான்.

"வர்ற பையனுக்கு லைட்டைக் கொஞ்சம் மாத்திக்கலாம். நீ போய் உட்காரு," என்றார் சித்தி.

துறுதுறு மனசில்லாமல் போய் உட்கார்ந்தாள். எதிரே கேமரா, கம்பி, சிவப்பு டேப், மேசை. ஆனால் இந்தத் தடவை நாற்காலி காலியாக இல்லை. இயக்குநர் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மேசைக்கு மேலே அவருடைய முகம் கல் மாதிரி இருந்தது. மேசைக்குக் கீழே அவருடைய வலது கால் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டம் என்றால் சாதாரண ஆட்டம் இல்லை. கட்டைவிரலில் மட்டும் மாட்டித் தொங்கிய செருப்பு, மேலும் கீழும் மேலும் கீழும் போய் வந்தது. மேலே அவர் "முடியவே முடியாது" என்று யாரிடமோ உறுமினார். கீழே செருப்பு 'ஆமா, ஆமா, ஆமா' என்று தலையாட்டியது.

துறுதுறுவுக்கு 'புர்ர்' என்று வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

காலையில் லைட் போட்டபோது அவர் நாற்காலியில் இல்லை. படம் எடுக்கும்போது மட்டும்தான் உட்காருகிறார். மற்றவர்கள் எல்லோரும் அவருக்குப் பக்கத்திலும் பின்னாலும் நின்று பொத்தானையே பார்க்கிறார்கள். அந்தச் செருப்பு தெரிகிற ஒரே இடம் இந்தக் கீழ்ப்படிதான்!

சித்தி "சரி, ஆச்சு" என்றதுதான் தாமதம், அவள் தண்ணீர் டிரம் பக்கம் ஓடினாள்.

"டேய், செருப்பு தானே?" என்று கிசுகிசுத்தாள்.

பொத்தானின் கண்கள் இன்னும் வட்டமாயின. "உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏன்டா நீ சொல்லல?"

"பெரியவங்க காலைப் பாத்து சிரிச்சேன்னு எப்படிக்கா சொல்றது? பாக்கக் கூடாதுன்னுதான் நினைக்கிறேன். நினைக்க நினைக்க கண்ணு அங்கேயே போகுது."

துறுதுறுவுக்கு அது நன்றாகப் புரிந்தது. இந்த உலகத்தில் அதைப் புரிந்துகொள்ள அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சித்தியிடம் வந்தாள். "சித்தி, கொஞ்சம் அந்தப் படியில உட்காந்து, என் உயரத்துக்குக் குனிஞ்சு பாருங்களேன்."

"இப்ப விளையாட்டா?"

"ஒரே ஒரு தடவை."

சித்தி உட்கார்ந்து குனிந்தார். திடீரென்று இருமல் வந்தவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"இதை யாரு போய் அவர்கிட்ட சொல்றது?" என்றார் மெல்ல. "இன்னிக்கு இருக்கிற கோபத்துல?"

"சொல்லவே கூடாது சித்தி. ஆட்டாதேன்னு சொன்னா இன்னும் ஆடும். எனக்குத் தெரியாதா? பாவம், அவர் வேணும்னேவா ஆட்டுறாரு? நீங்க வெளிச்சத்தை மறைக்க ஒரு கறுப்புத் துணி வச்சிருப்பீங்களே, அதை அந்த மேசைக்கு முன்னாடி தொங்க விட்டுட்டா?"

சித்தி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு துணியை எடுத்தார்.

"சார், மேசைப் பக்கத்துலேர்ந்து கொஞ்சம் தொந்தரவா இருக்கு. ஒரு துணி கட்டிக்கிறேன்."

"என்னவோ பண்ணுங்க," என்றார் இயக்குநர்.

துணி தொங்கியது. ஆனால் வேறு பையனுக்குச் சொல்லி அனுப்பியாயிற்றே! எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துறுதுறுவின் கால் நிற்கவில்லை. அந்தக் காலே அவளை இயக்குநர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

"சார்... அந்தப் பையன் வர்ற வரைக்கும் சும்மாதானே உட்காந்திருக்கணும்?"

"அதுக்கு?"

"சும்மா உட்காந்திருக்கிறது ரொம்பக் கஷ்டம் சார். அதுக்குப் பதிலா பொத்தானை வச்சு இன்னொரு தடவை எடுத்துப் பாக்கலாமே?"

உதவி இயக்குநர் பயந்துபோய் அவளை இழுக்க வந்தார். இயக்குநர் கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்கும் சும்மா இருக்க முடியாது என்பது துறுதுறுவுக்குத் தெரியும். கறுப்புத் துணிக்குப் பின்னால் எதுவோ 'டக் டக்' என்று தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"சரி," என்றார் அவர். "கடைசி தடவை. உட்காருப்பா."

பொத்தான் உட்கார்ந்தான். கொட்டகை அடங்கியது. மேஸ்திரிகூடத் தலையை உள்ளே விட்டபடி அப்படியே நின்றுவிட்டார்.

"ஆக்‌ஷன்."

பொத்தான் டேப்பைப் பார்த்தான். கண் மெல்லக் கீழே இறங்கியது. துறுதுறு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கீழே ஒன்றுமில்லை, இருட்டுதான். அவன் கண் மறுபடி மேலே ஏறி டேப்பில் நின்றது. அங்கே டேப் இருப்பதையே அவன் மறந்துவிட்டான் போல. அப்பா தூரத்தில் போய்க்கொண்டே இருக்கிறார். அவன் கழுத்து மட்டும் கொஞ்சம் நீண்டது. கை தானாக எழுந்து, பாதியில் நின்று, மடியில் விழுந்தது.

அதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

"கட்," என்றார் இயக்குநர், மிக மெதுவாக. பிறகு கூரை அதிர, "ஓகே!" என்றார்.

கொட்டகையே கை தட்டியது. பொத்தான் துள்ளிக் குதித்தான். நல்லவேளையாக அந்த இன்னொரு பையன் வீட்டில் இன்னும் தலை சீவிக்கொண்டிருந்தானாம். வர வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

இயக்குநர் எழுந்து வந்து மேசையைச் சுற்றிப் பார்த்தார். துணியைத் தூக்கினார். நாற்காலியைப் பார்த்தார். அவர் ஒன்றும் ஏமாந்தவர் இல்லை.

"இந்தத் துணி யார் யோசனை?"

சித்தி வாயைத் திறப்பதற்குள் துறுதுறு சொல்லிவிட்டாள். "என்னோடது சார். உங்க செருப்பு ஆடுறது இவனுக்கு மட்டும் தெரிஞ்சுது. எனக்கும் அப்படித்தான் சார், கால் ஆடிக்கிட்டே இருக்கும். அது சொன்னா கேக்காது. அதான் மூடிட்டோம்."

இயக்குநர் குனிந்து தன் காலைப் பார்த்தார். நின்றுகொண்டிருக்கும்போதே அது தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் தொப்பை குலுங்கச் சிரித்தார். பிறகு பொத்தானின் தலையில் கை வைத்தார்.

"தப்பு என்னோடதுப்பா. உன்னைத் திட்டிட்டேன். வா, நீ பண்ணதை நீயே பாரு. நீயும் வா," என்று துறுதுறுவுக்கும் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

சின்னத் திரையில் காட்சி ஓடத் தொடங்கியது. மறுபடி நாற்காலியில் உட்கார்ந்த இயக்குநருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பொத்தான் தன்னையே வாய் பிளந்து பார்த்தான்.

"சார், இப்பவாவது கழட்டலாமா?" என்றார் மேஸ்திரி.

"ஒரு தடவை பாத்துக்கிறோம், இருய்யா."

மேசைக்கு மேலே மூன்று முகங்களும் அசையாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. கறுப்புத் துணிக்குப் பின்னால் ஒரு பெரிய காலும் ஒரு சின்னக் காலும் யார் தடையும் இல்லாமல் ஜோராக ஆடிக்கொண்டிருந்தன.