ஓரம் வெட்டிய படம்

ஆராவமுதனின் நாக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

அதன் நுனியில் ஒரு ஈ!

இன்ஸ்பெக்டர் மமதா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"சீ...! ஃபேனையாவது போடுங்கப்பா!"

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாவது மாடி. 2008-ஆம் வருஷத்து மே மாத வெயில் ஜன்னல் வழியாக நேரே பிணத்தின் மேல் விழுந்தது.

செத்தவருக்கு அறுபத்தெட்டு வயது. மாநில அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக் கிடந்தார். கழுத்தைச் சுற்றி ஒரு கருநீலக் கோடு. எதிர்ச் சுவரில் நாற்பத்திரண்டு அங்குல டிவி. அணைந்திருந்தது.

டாக்டர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். கயிறோ, ஒயரோ... மெல்லியதாக எதையோ போட்டு இறுக்கியிருக்கிறார்கள்.

அந்த 'எதையோ'வைத்தான் காணோம்!

"நீங்கதானே மேடம் மொதல்ல பாத்தது?"

மருமகள் ஸ்ரீலக்ஷ்மி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"கோரமங்களா போயிருந்தேன்... ஒரு மணிக்கு வந்தா, மாமா இப்படிக் கெடக்கார்! அந்த மெக்கானிக்தான் மேடம்! லேப்டாப்பை டிவியில மாட்ட வந்தான். நான் கெளம்பறச்சேயே வேலை தெரியாம முழிச்சிண்டிருந்தான். மாமா கண்டபடி திட்டினார். அந்த ஆத்திரம்!"

"நானும் கேட்டேன் மேடம்."

சொன்னவன் ராகேஷ். நான்காவது மாடிக்காரன். ஸ்ரீலக்ஷ்மியின் கணவன் சுதீர் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே இரவு ஷிஃப்ட். பிணத்துக்குப் பக்கத்தில் நின்று சுயிங்கம் மென்றுகொண்டிருந்தான்.

"பெரியவர் கத்தற சத்தம். எட்டிப் பாத்தா, பதினொன்றரைக்கு அந்த ஆள் படியில தடதடன்னு ஓடறான்!"

"நீங்க உள்ள வந்து பாக்கலியா?"

"நான் எதுக்கு மேடம் அடுத்தவங்க வீட்டுக்குள்ள? இங்க காலே வெச்சதில்ல."

சுதீர் சுவரோரமாக நின்றான். கழுத்தில் ஆபீஸ் அட்டை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி வண்டியில் போனவன், தகவல் கேட்டு இரண்டு மணிக்குத்தான் வந்திருந்தான்.

வாசலில் சத்தம்.

கான்ஸ்டபிள் அய்யாவுவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஐம்பது வயது டிவி மெக்கானிக். ஈஜிபுராவில் தன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை அப்படியே தூக்கி வந்திருந்தார்கள். விலங்கு மாட்டிய கையில் சாம்பார் காய்ந்து போயிருந்தது.

"நான் இல்ல தாயி! எம் பொண்டாட்டி சரசு கீழ கேட்டாண்ட நின்னு அழுவுறா! நான் வேலைய முடிச்சிட்டுப் போனேன், அவ்ளோதான்!"

"சார்... சார்..." ஸ்ரீலக்ஷ்மி கான்ஸ்டபிளிடம் பதறினாள். "அந்த ஆளை சோபாவுல சாய விடாதீங்கோ! நேத்துதான் கவர் தோய்ச்சுப் போட்டேன்!"

மமதா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஆறடி தள்ளிப் பிணம். இவளுக்கு சோபா கவர்!

"அய்யாவு... நான் அல்சூர்ல வளந்தவ. தமிழ் நல்லா புரியும். சும்னே... சும்மா கதை கட்டினா தோலை உரிச்சிடுவேன். என்ன வேலை செஞ்சே?"

"பெரியவருக்குக் கண்ணு ஆபரேசன் ஆயிருக்கு. போட்டோவெல்லாம் பெருசா பாக்கணும்னாரு. கேபிள் போட்டேன். ஆனா டிவி நாலு ஓரத்தையும் வெட்டிக்கினு காட்டுச்சு. லேப்டாப்புல இருக்கறதுல மேல கொஞ்சம், கீழ கொஞ்சம் காணோம். டிவி மெனுவுல போயி, வெட்டாம காட்டற மாதிரி மாத்திக் குடுத்தேன். படம் டிவியில மட்டும் வர்ற மாதிரியும் பண்ணிட்டேன். அவரு சந்தோசமா காபி குடுத்தாரு மேடம்!"

"பொய்!" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

"டிவியப் போட்டுப் பாருங்க! படம் முழுசா தெரியலைன்னா என்னைத் தூக்குல போடுங்க!"

"போடுங்க மேடம்," என்றாள் மமதா, ஸ்ரீலக்ஷ்மியிடம்.

"எனக்கு அதெல்லாம் போடத் தெரியாது..."

"நான் போடறேன்," ராகேஷ் ரிமோட்டை எடுத்தான். டக் டக்கென்று அமுக்கினான். திரையில் கேபிள் ஓட்டைகளின் பட்டியல் வந்தது. வரிசையாக இறங்கி, ஹெச்டிஎம்ஐ ஒன்றைத் தாண்டி, ஹெச்டிஎம்ஐ இரண்டில் நிறுத்தினான்.

பளிச்!

ஒரு குரூப் போட்டோ. பெரியவர் கடைசியாகப் பார்த்துவிட்டு நிறுத்தி வைத்திருந்தது. நந்தி மலை. ஆபீஸ் டூர். ஸ்ரீலக்ஷ்மியும் ராகேஷும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒழுங்காகச் சிரித்தார்கள்.

பின்னால் நின்றவர்களுக்குப் பாதித் தலையைக் காணோம். கீழே எல்லோரும் இடுப்போடு முடிந்து போயிருந்தார்கள்.

"பாத்தீங்களா? ஓரம் வெட்டித்தான் இருக்கு! இவன் வேலையே பண்ணல!" ராகேஷ் சுயிங்கத்தைக் கன்னத்துக்கு மாற்றினான்.

அய்யாவுவின் முகம் செத்துப்போனது.

கான்ஸ்டபிள் அவர் பிடரியில் கை வைத்தார்.

"இரு சாமி... இரு!" அய்யாவு கத்தினார். "இவரு ரெண்டாவதுல இல்ல போட்டாரு! நான் மாட்டினது மொத ஓட்டையில! இந்த டிவி ஒவ்வொரு ஓட்டைக்கும் தனித்தனியா ஞாபகம் வெச்சிக்கும் மேடம். ஒண்ணுல மாத்தினது ரெண்டுல மாறாது. நான் போனப்புறம் யாரோ கேபிளப் புடுங்கி, அப்புறம் டிவிக்குப் பின்னால இருட்டுல தடவி, எடம் மாத்திச் சொருகிக்கீறாங்க!"

மமதா டிவியின் பின்னால் டார்ச் அடித்தாள்.

கேபிள் இரண்டாவது ஓட்டையில்தான் இருந்தது!

கறுப்புக் கேபிள். இரண்டு மீட்டர். மெல்லியது.

அவள் கண்கள் கேபிளிலிருந்து மெல்ல நகர்ந்து பிணத்தின் கழுத்தில் போய் நின்றன.

"த்தூ...!"

ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு கேபிளின் முனையைத் தொடாமல், சற்றுத் தள்ளிப் பிடித்து இழுத்தாள். நகர்த்தி, முதல் ஓட்டையில் செருகினாள். கேபிளின் மேல் உலர்ந்த எச்சில் கோடு ஒன்று வெயிலில் மினுங்கியது. கான்ஸ்டபிள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அய்யாவு, இப்ப ஒண்ணாவது போடு."

விலங்கோடு ரிமோட்டை அமுக்கினார் அய்யாவு.

அதே போட்டோ. இந்த முறை முழுசாக! மேலே எல்லோர் தலையும் இருந்தது. கீழே...

கீழ் ஓரத்தில் இரண்டு கைகள்.

ஸ்ரீலக்ஷ்மியின் வளையல் கை. ராகேஷின் வாட்ச் கட்டிய கை. விரல்களுக்குள் விரல்கள். நாற்பத்திரண்டு அங்குலத்தில்!



"அந்த போட்டோ..." சுதீர் முதல் முறையாக வாய் திறந்தான். "எடுத்தது... நான்தான்..."

ஓடிப்போய் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தான்.

"ராகேஷ்," மமதா நெருங்கினாள். "வீட்டுக்குள்ள காலே வெச்சதில்லைன்னே. ஒண்ணை விட்டுட்டு நேரா ரெண்டுல போய் நிக்கறே. எங்க சொருகினேன்னு கைக்கு ஞாபகம் இருக்கு, இல்ல? கேபிள் முனையில உன் ரேகையும் இருக்கும்."

ராகேஷ் சுயிங்கத்தை விழுங்கினான்.

அலறியது ஸ்ரீலக்ஷ்மி!

"இறுக்கினது அவன்தான்! நான் காலை மட்டும்தான் பிடிச்சிண்டேன்!"

"அடிப் பாவி! போன் பண்ணி என்னைக் கூப்பிட்டதே நீதானடி!" ராகேஷ் பாய்ந்தான். கான்ஸ்டபிள் மடக்கினார்.

"வேற என்ன பண்றது? 'எல்லாம் தெரிஞ்சு போச்சு, சாயங்காலம் சுதீர் வரட்டும்'னார். எப்படித் தெரிஞ்சுதுன்னு கடைசி வரைக்கும் சொல்லலையே அந்தக் கெழம்!"

திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். கொன்றதற்காக இல்லை. போட்டோவை அழிக்காமல் விட்டதற்காக!

இருபது வருஷ சர்வீஸில் மமதா அழுகிய பிணங்களை நிறையப் பார்த்திருக்கிறாள். நின்றுகொண்டு பேசும் இந்த இரண்டும்தான் அதிகமாக நாறின.

விலங்கு கை மாறியது.

"மன்னிச்சிடுங்க அய்யாவு. கெட்டிக்காரர்தான் நீங்க," என்றாள் வராந்தாவுக்கு வந்ததும். "எங்க ஸ்டேஷன் டிவியும் ஓரத்த வெட்டுது. நாளைக்கு வந்து சரி பண்ணிக் குடுக்கறீங்களா?"

அய்யாவு இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினார்.

"போலீஸ் ஸ்டேஷன் டிவியா? வேணா மேடம், வெட்டினபடியே இருக்கட்டும்... அங்க யாரு யாரு கையப் புடிச்சிக்கினு கீறாங்களோ!"