ஆர்கனுக்குக் காற்று

சூரியபிரகாஷ் கீபோர்டின் கட்டைகளிலிருந்து கையை எடுத்துவிட்டான். பாட்டு முடிந்தது, பாட்டுக்குப் பின்னால், பிரான்ஸில் எங்கோ பதிவு செய்த ஒரு மாதா கோயிலின் எதிரொலியும் சுவர்சுவராய் முட்டித் தேய்ந்து அடங்கியது, அதற்கும் பிறகு ஸ்பீக்கருக்குள் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி தமிழ்ச்செல்விக்கு அது தெளிவாகக் கேட்டது. இழுத்த மூச்சை வெளியே விட்ட சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.

“என்னங்க அது?”

“காத்து. குழாய்ச் சத்தத்தோட சேத்து அதையும் பதிஞ்சிருக்காங்கெ. அப்பத்தேன் நெசமான ஆர்கன் மாதிரி இருக்கும்.”

நெசமாம். கூறு கெட்ட மனுசன்! திருமங்கலத்தில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறவன், பரம்பரையில் எவனும் ஒழுங்காக விசில்கூட அடித்ததில்லை, இவனுக்கு வந்த கேடு பிரான்ஸ் நாட்டு மாதா கோயில் சங்கீதம். போனில் ஒரு வெள்ளைக்காரக் கிழவன் ஆர்கன் என்கிற ராட்சசக் குழாய் வாத்தியத்தை வாசிப்பதைப் பார்த்தவன்தான், அன்றோடு புத்தி போயிற்று. திருநகர் வீட்டில் விருந்தாளிகளுக்கென்று இருந்த ஒரே அறையில் இப்போது மூன்று கீபோர்டுகள் மாடிப்படி போல ஒன்றின்மேல் ஒன்று. காலால் மிதிக்கிற கட்டைகளை அவனியாபுரத்தில் ஒரு கிரில் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கினான். அந்தப் பட்டறைக்காரன் அதைக் கோழிக்கூண்டு என்று நினைத்தானாம். ஒரு லேப்டாப், நாலு மூலைக்கும் நாலு ஸ்பீக்கர். வேலையற்றவன் பூனையைப் பிடித்துச் சிரைத்த கதைதான்.

அங்கே கோயிலில் உள்ள ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாக ஊதவிட்டுப் பதிவு செய்திருக்கிறார்களாம். இங்கே கட்டையை அமுக்கினால் அந்தக் குழாயின் குரலே வருமாம். அதில் மனிதக் குரல் என்று பெயர் வைத்த குழாய் வரிசை ஒன்று. சளி பிடித்த ஆட்டுக்குட்டி கத்துவது போல இருக்கும், இவன் கண்ணை மூடிக் கிறங்குவான். அந்தக் காலத்தில் ஆர்கனுக்குப் பின்னால் ஆட்கள் நின்று துருத்தியை மிதித்துக்கொண்டே இருப்பார்களாம், பிறகு மோட்டார் வந்ததாம்.

“இங்க ஆளும் இல்ல, மோட்டாரும் இல்ல. அப்ப காத்து எங்கிட்டிருந்து வருது?” என்று ஒருநாள் மடக்கினாள். அவன் சிரித்துவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினான்.

பிறகு ஒரு மத்தியானம், துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டு முனியாயி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

“ஏ செல்வி, ஒங்க வீட்ல யாருக்கும் இழுப்பா? செவுத்துக்கு அங்கிட்டு அம்புட்டு இழு இழுக்குதே.”

“அவுக கடைக்குப் போயிட்டாகளேக்கா. நான் மட்டுந்தேன் இருக்கேன்.”

சொல்லிவிட்டு உள்ளே வந்து கீபோர்டு அறைக்குள் போனாள். வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு அறை இருட்டாக இருந்தது. மூடிய சன்னலின் துரு வாசனையோடு, எங்கோ தூரத்து ஈரக்கல்லின் வாசனை போல, மெழுகு கருகியது போல, வெயில் காயும் திருநகரில் இருக்கவே முடியாத ஒரு குளிர்ந்த வாசனை தரையோடு தரையாகக் கிடந்தது. சுவிட்ச் அணைந்திருந்தது. ஸ்பீக்கரில் விளக்கு இல்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு வேறு வேலை இல்லை, இவளுக்குப் புருசனும் சரியில்லை, அண்டை அயலும் சரியில்லை என்று முணுமுணுத்தபடி ஒரு ஸ்பீக்கரில் காதை வைத்தாள். காதுமடலில் சூடான காற்று பட்டது.

அதன்பிறகு அவனைக் கவனிக்கத் தொடங்கினாள். மொட்டைமாடிக்கு ஒரே ஓட்டமாக ஏறுகிறவன் பாதிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேச்சு துண்டுதுண்டாக வந்தது. “வயசாகுதுல்ல,” என்றான். “வயசா? எல்லாம் அந்தப் பீடை பிடிச்ச பெட்டியாலதேன்,” என்றாள். ஏளனமாகச் சொல்லத்தான் நினைத்தாள், குரல் நடுங்கிவிட்டது. அவளுக்கே அது பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்கிற நேரம், டீ எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். அவன் பெரிய பாட்டு ஒன்றைப் பிடித்திருந்தான். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது, டீயின் மேல் ஆடை நெளிந்தது, அடித்தொனி அவள் பாதம் வழியே ஏறி பல்லைக் கூசவைத்தது. அவன் முதுகைப் பார்த்தாள். பிறகு பக்கவாட்டில் வந்து மார்பைப் பார்த்தாள்.

மார்பு அசையவில்லை.

பாட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் புரட்டினான். அப்போதும் இல்லை. உதடு நாவல்பழ நிறம். நாலு மூலையிலும் ஸ்பீக்கர்கள் சீராக மூச்சு வாங்கின.

“போதும், எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

தலையை மட்டும் ஆட்டினான். இன்னும் கொஞ்சம் என்று.

“ஒங்க பிரான்சும் மண்ணாங்கட்டியும்!”

ஸ்பீக்கர் பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். பெருமையாகத்தான் இருந்தது, ஒரு கணம். சத்தம் அறுந்தது. சூரியபிரகாஷ் ஸ்டூலிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தான்.

மூக்கில் விரல் வைத்தாள். ஒன்றுமில்லை. நெஞ்சில் குத்தினாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள். ஓட்டைப் பையில் ஊதுவது போல் போனது.

“என்னங்க! ஏங்க, என்னைப் பாருங்க!”

இத்தனை வருசம் இந்த ஆளைத் திட்டாமல் ஒரு பொழுது விடிந்ததில்லை. இவன் இல்லாமல் ஒரு பொழுது விடிய வேண்டும் என்று அவள் நினைத்ததும் இல்லை. போய்விடாதே, போய்விடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் இருந்தவரை உட்கார்ந்திருந்தானே, அது இருந்தவரை இருந்தானே. தவழ்ந்து போய்ப் பிளக்கைச் சொருகினாள். எழுந்திருக்கக் கீபோர்டைப் பிடித்தாள். உள்ளங்கைக்குக் கிடைத்த கட்டைகள் எல்லாம் ஒரேயடியாக அலறின.

அவன் மார்பு ஏறியது.

கையை எடுத்தாள். இறங்கியது. நின்றது.

அமுக்கினாள். ஏறியது.

எடுக்கக்கூடாது. அவ்வளவுதான். அமுக்கியபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். போன் அடுப்படியில் இருந்தது.

“முனியாயி அக்கா! அக்கோய்!”

சுவருக்கு அந்தப்பக்கம் டிவி ஓடியது.

“அக்கா!”

இரண்டாவது கூப்பாடு பாதியிலேயே தேய்ந்தது. மூன்றாவதற்கு வாயைத் திறந்தாள். குரல் இல்லை. நெஞ்சு வற்றிக் கிடந்தது, இழுத்தாலும் உள்ளே எதுவும் வரவில்லை. ஆனாலும் வலிக்கவில்லை, சாகவும் இல்லை. கை மட்டும் கட்டையில் ஒட்டிக் கிடந்தது.

கரண்ட் போயிற்று. தெருவே இருண்டது. பக்கத்து வீட்டு டிவி நின்றது. ஸ்பீக்கரில் இருந்த பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

சத்தம் நிற்கவில்லை.

ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை இப்போது. அவளுடைய விலாவுக்குள்ளிருந்து வந்தது. திறந்த வாய் வழியே. கனமாக. சீராக. அறை பெரிதாகிக்கொண்டே போனது. கூரை எங்கோ மேலே போய்விட்டது. எதிரொலி வெகுதூரத்துக் கல்லில் மோதித் திரும்பி வந்தது.

லேப்டாப் திரையின் வெளிச்சத்தில் சூரியபிரகாஷ் கண் விழித்தான். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. அவளைப் பார்க்கவில்லை. கூரை இருந்த இடத்தைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தான், மெதுவாகக் கண்ணை மூடினான், ஆசை தீர ஒரு நீண்ட மூச்சை இழுத்தான்.

“காத்து நல்லா வருது செல்வி,” என்றான். “கையை எடுத்துராத.”