மேயர் பேசுவதில்லை

"அம்மா, என் சட்டை இஸ்திரி ஆயிடுச்சான்னு கேளு."

கேட்கப்பட வேண்டியவள் அவருக்கு ஒரு முழத் தூரத்தில், அதே சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

சாய்வு நாற்காலியிலிருந்து மாமியார் கழுத்தைத் திருப்பினார். "ஆயிடுச்சான்னு கேக்கறான்."

"ஆயிடுச்சுன்னு சொல்லுங்க அத்தை."

"ஆயிடுச்சாம்."

"காலர்ல சுருக்கம் இருக்குன்னு சொல்லு."

"சுருக்கம் சட்டையில இல்ல, மூஞ்சியில..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மறுபடி தேய்ச்சுக் குடுக்கறேன்னு சொல்லுங்க."

மூன்று மாதமாக அந்த வீட்டில் தாம்பத்தியம் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. நடுவில் மாமியார் தபால் நிலையம். சில தபால்கள் போய்ச் சேரும். சில சேராது. பல, பிரித்துப் படிக்கப்பட்டு, உப்புக் காரம் சேர்த்து ஒட்டப்பட்டுப் போகும்.

பேசாமலிருந்தவர் சாதாரண மனிதரா என்ன! ஊரே அவரை 'வெண்கலத் தொண்டை' என்றுதான் அழைக்கும். பதினைந்து வருடம் சட்டமன்ற உறுப்பினர். அவர் சபையில் எழுந்து நின்றால் தூங்கிக்கொண்டிருந்த உறுப்பினர்கள் மட்டுமல்ல, சுவரில் மாட்டியிருந்த காலஞ்சென்ற தலைவர்களும் விழித்துக்கொள்வார்கள். பாலத்தைப் பற்றி ஒருமுறை அவர் பேசிய பேச்சில், எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பாலம் மட்டும் வரவில்லை.

அந்தப் பதினைந்து வருடமும் அவர் தலைநகரில். வீட்டு வாசலில் நின்றது இவள். விடிந்தும் விடியாததுமாகக் கதவு தட்டப்படும். குழாயில் தண்ணீர் இல்லை, தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, குப்பை வண்டி வரவில்லை... எல்லாம் அவள் தலையில்தான். திட்டுகளை மட்டும் சேர்த்து வைத்திருந்தால் அதற்கே தனியாக ஒரு மாடி கட்டியிருக்க வேண்டும். ஊரார் வைத்த பெயர், வாசலக்கா.

அவள் தலைநகருக்குப் போன் செய்து சொன்னால், வெண்கலத் தொண்டை மேயரைப் போனில் ஒரு பிடி பிடித்துவிட்டு, அவளுக்கு ஒரே பதிலைத்தான் முழங்கும். "அதெல்லாம் மாநகராட்சி வேலை! நான் சட்டம் பண்றவன்!"

பிறகுதான் அந்த நாள் வந்தது. மந்திரிசபையை மாற்றப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டபோது, கட்சித் தலைவரே வீட்டுக்குச் சாப்பிட வந்தார். வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டது. கொழுந்தன், 'மாண்புமிகு அமைச்சர் இல்லம்' என்று பித்தளையில் பலகையே அடித்து வாங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தான். கை கழுவிவிட்டுத் தலைவர் அவளிடம் கேட்டார்.

"இவ்வளவு வருஷமா வீட்டைக் காத்தவம்மா நீ. உன் வீட்டுக்காரருக்கு என்ன வேணும்? நீயே சொல்லு."

மாமியார் கண்ணால் ஜாடை காட்டினார். கொழுந்தன் வாயசைத்துக் காட்டினான். கணவர் அடக்கமாகத் தரையைப் பார்த்தார், மந்திரிகள் பார்க்கிற மாதிரி.

அவள் சொன்னாள். "மேயராக்குங்க ஐயா."

தலைவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. இரண்டு டம்ளர் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் மனிதர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து வந்த மாநகராட்சித் தேர்தலில் வெண்கலத் தொண்டையை நிறுத்தினார். ஊர் மொத்தமும் வாக்களித்தது. சட்டமன்ற நாற்காலியை விட்டுவிட்டு மேயர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த அன்று மூடிய வாயை மனைவியிடம் இன்னும் திறக்கவில்லை.

"மந்திரியானா தலைநகர்லயே தங்கிடுவான்னு பயம்! புருஷனை முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கணும்... அதுக்கு என் பிள்ளையோட வாழ்க்கையையே கவுத்துட்டா!" என்று மாமியார் கண்ணீர் விடாத நாள் இல்லை. கொழுந்தன் அவ்வப்போது கட்டிலுக்கடியில் குனிந்து பலகையைத் துடைத்துவிட்டுப் பெருமூச்சு விடுவான்.

சட்டையை இரண்டாவது முறை தேய்த்துக்கொண்டு அவள் வந்தபோது, கணவர் உள்ளறையில் நின்று ஊருக்கே கேட்கும் குரலில் தாயிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அம்மா, முடிவு பண்ணிட்டேன். என் பழைய தொகுதிக்கு இடைத்தேர்தல் வருது. மத்தியானம் தலைவரைப் பார்த்து, மேயர் பதவி எனக்கு வேண்டாம்னு சொல்லிடறேன். மறுபடி தலைநகர். இந்தத் தடவை மந்திரிதான்!"

"என் ராசா!"

"போறது நான் மட்டும்தான்னு சொல்லிடு. யாரும் என்கூட வர வேண்டாம். நானும் இனிமே இந்த வீட்டுக்கு... அடிக்கடி வர மாட்டேன்."

மாமியார் திரும்பினார். "கேட்டியா?"

"கேட்டுச்சு அத்தை" என்றாள். கையிலிருந்த சட்டையைக் கொடியில் மாட்டினாள். கண் நிறைந்துவிட்டது. பதினைந்து வருடம் வாசலில் நின்றதற்கு இதுதானா? இல்லை, விடக்கூடாது. இந்த மனிதரை இந்த ஊரைவிட்டு ஓட விடக்கூடாது!

அப்போது கதவு இடிபட்டது.

மேட்டுத் தெருவே திரண்டு வந்திருந்தது. காலி வாளிகளும் குடங்களுமாக ஒரு படை. முன்னால் சலவைக்கடைக்காரி. அவள் குரலும் சாமானியக் குரல் அல்ல. இரண்டு தெரு தள்ளி உலர்கிற துணியும் அதைக் கேட்டால் தானாக மடிந்துகொள்ளும்.

"அக்கா! நாலு நாளாச்சு! ஒரு சொட்டு இல்ல! ஊர்த் துணியெல்லாம் என் கடையில மலை மாதிரி கிடக்கு. மாப்பிள்ளை கோட்டு ஒண்ணு நாளைக்குக் கல்யாணத்துக்குப் போகணும். அழுக்குக் கோட்டோட அவன் போனா பொண்ணு ஓடிடும். அந்தப் பாவம் யாருக்கு?"

உள்ளறையில் வெண்கலத் தொண்டைக்கு இந்தச் சத்தம் காதில் விழுந்தது. விழுந்ததும் நரம்பு முறுக்கேறியது. தண்ணீர் இல்லை என்று யாராவது சொன்னால் அடுத்த கணம் மேயரைப் போனில் பிடித்துக் கிழிகிழியென்று கிழிப்பது பதினைந்து வருடப் பழக்கம். கைப்பேசியை எடுத்தார். அந்த எண்ணை அவர் சேமித்து வைத்திருந்த பெயர் 'உதவாக்கரை'. அழுத்தினார். காதில் வைத்தபடியே முழங்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தார்.

முன்னறையில் தொலைபேசி மணி அடித்தது. யார் மேயரோ, அவர் வீட்டுக்கு வந்துவிடும் பழைய தொலைபேசி அது. வாசலில் நின்றிருந்தவள் இரண்டு எட்டில் வந்து எடுத்தாள்.

"மேயர் வீடு."

"யாருய்யா அது! கூப்பிடுய்யா உன் மேயரை! மனுஷனா அவன்? மேட்டுத் தெருவுல நாலு நாளா தண்ணி இல்ல, தூங்கறானா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிரில், மூன்றடி தூரத்தில், கைப்பேசியுடன் கணவர்.

"மேயர் இங்கதாங்க இருக்கார்" என்றாள் தொலைபேசியில். "ஆனா பேசறதில்ல."

வாசலில் முதலில் சலவைக்கடைக்காரி சிரித்தாள். அவள் வாளி சிரித்தது. தெருக்கோடிவரை சிரிப்பு உருண்டு போய்த் திரும்பி வந்தது. கொழுந்தன்கூடச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான்.

வெண்கலம் செம்பாகச் சிவந்தது.

"எல்லாம் உன்னால! நீதானே... நீதானே என்னை இப்படி நடுத்தெருவுல நிறுத்தின!"

மூன்று மாதத்தில் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. வசவுதான். ஆனாலும் அந்தப் பைத்தியக்காரிக்கு அது இனித்தது! இனித்த அதே நொடியில் பதினைந்து வருடமும் பொங்கிக்கொண்டு வந்தது.

"நடுத்தெருவுலயா? அங்க உங்களை நிறுத்தணும்னுதாங்க ஆசைப்பட்டேன்! ஒரு நாளாவது நின்னிருக்கீங்களா? நீங்க சபையில பேசினா கை தட்டினாங்க. அந்தப் பேச்சுக்கு இந்த வாசல்ல திட்டு வாங்கினது யாரு? நான்! மாநகராட்சி வேலை, மாநகராட்சி வேலைன்னீங்களே... சரி, அந்த வேலையையே இவருக்குக் குடுங்கன்னு கேட்டேன். வேற யாரைப் போய்க் கேப்பேன்? இந்த ஊர்ல உங்களை மாதிரி ஒரு ஆம்பளை பிடிவாதமா நின்னா எதுதான் நடக்காது?"

"அப்ப... என்னை வீட்டுல கட்டிப் போடறதுக்கு இல்லையா?"

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "அதுவும்தான். பொய் சொல்ல மாட்டேன். கட்டின புருஷன் ராத்திரி வீட்டுக்கு வரணும்னு ஆசைப்பட்டேன். குத்தமா? குத்தம்னா இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க, கேட்டுக்கறேன்!"

யாரும் சிரிக்கவில்லை இப்போது.

அவர் குரல் இறங்கியது. "நாலு நாளா தண்ணி இல்லைன்னு எனக்கு யாருமே சொல்லலையே..."

"நீங்க ஆபீஸ் பக்கமே போறதில்ல, பொறியாளர் தினமும் இங்க போன் பண்றார். நாற்சந்திக்குக் கீழ பெரிய குழாய் வெடிச்சிருக்காம். ரோட்டை வெட்டணும், மேயர் வாயால 'வெட்டு'ன்னு ஒரு வார்த்தை வேணும்னு கெஞ்சறார். நான் உங்க பக்கத்துல நின்னு சத்தமா சொன்னேன். நீங்க ரேடியோவைக் கூட்டினீங்க. அப்புறம் அத்தைகிட்ட சொல்லி அனுப்பினேன். ஒரு தடவையா, ரெண்டு தடவையா?"

எல்லாத் தலைகளும் சாய்வு நாற்காலிப் பக்கம் திரும்பின.

மாமியார் கைக்குட்டையைப் பிசைந்தார். "அது... மறந்துட்டேன்னு வெச்சுக்கயேன்..."

"அம்மா!"

"பின்ன என்னடா! இந்த வேலை நாறிப்போனா நீயே உதறிட்டு மந்திரியாகப் போவேன்னு நினைச்சேன்! பெத்தவளுக்கு ஆசை இருக்காதா? ஒரு தெரு தாகத்துல கிடக்கும்னு... எனக்குத் தோணலையேடா..."

அவர் தாயைப் பார்த்தார். வாசலில் நின்ற வாளிகளைப் பார்த்தார். கடைசியாக, கையில் இன்னும் தொலைபேசியைப் பிடித்திருந்த மனைவியைப் பார்த்தார். கொடியிலிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, பொத்தானைத் தப்பும் தவறுமாக மாட்டியபடி வெளியே இறங்கினார்.

"அண்ணே, மத்தியானம் தலைவரைப் பார்க்கணுமே?" என்றான் கொழுந்தன்.

"மத்தியானம் குழியில இருப்பேன். நீயும் வா. மண்வெட்டி பிடிக்கத் தெரியுமில்ல?"

அன்று நாற்சந்தியில் நடந்ததை ஊர் இன்னும் பேசுகிறது. ரோடு வெட்டினால் வியாபாரம் போகும் என்று கடைக்காரர்கள் மறித்தார்கள். வெண்கலத் தொண்டை ஒரு பேருந்தின் படியில் ஏறி நின்று பேசியது. அத்தனை வருடப் பேச்சிலேயே சின்னப் பேச்சு அதுதான். "வெட்டப்போறோம். சாயங்காலம் மூடிடுவோம். மூடலைன்னா என்னையும் சேர்த்து மூடுங்க!" கூட்டம் விலகியது. பொறியாளருக்கு அழுகையே வந்துவிட்டதாகக் கேள்வி. பிறகு பேசியது வேலைதான். மேயர் முழங்கால் ஆழச் சேற்றில் நின்றார். கொழுந்தன் தன் வாழ்நாளில் முதல் முறையாக வியர்த்தான்.

வெயில் சாய்ந்த நேரம் முன்னறைத் தொலைபேசி அலறியது. "அக்கா! வந்திருச்சு! குழாய் உறுமுது, சிங்கம் மாதிரி! கோட்டை ஊறப் போட்டுட்டேன்!"

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தாள். அழுகை தாங்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தொட்டது. மாமியார்.

"உன்னை வாய்க்கு வந்தபடி பேசினேனேடி... சொன்னதையும் மறைச்சேன். என்னைத் திட்டுடி, மனசு ஆறும்!"

"உங்களைத் திட்ட எனக்கு எங்க நேரம் அத்தை... ஊரார் திட்டறதைக் கேக்கவே சரியா இருந்துச்சு!"

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுகையின் நடுவே சிரிப்பும் வந்து தொலைத்தது. அப்படியே நிற்கையில், வாசலில் தலையிலிருந்து கால்வரை சேறு பூசிய இரண்டு உருவங்கள் தோன்றின.

"யாருப்பா நீங்க? பின்பக்கமா வாங்க" என்றார் மாமியார்.

"நான்தாம்மா."

அவர் உள்ளே வரவில்லை. படியிலேயே நின்றார். மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"சபையில தண்ணியைப் பத்தி எவ்வளவோ பேசியிருக்கேன். குழாய்ல இருந்து அது வர்ற சத்தத்தை இன்னிக்குத்தான் கேட்டேன். மந்திரியாகியிருந்தா கேட்டிருக்க மாட்டேன்..." தொண்டை அடைத்தது, அந்தத் தொண்டைக்கே! "என்னை மன்னிச்சிடு. நான் எங்கயும் போகலை."

அவள் அவருடைய சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் புடவை பாழாவதை அவள் கவனிக்கவேயில்லை.

"நாளைக்கு எந்தத் தெரு? உனக்குத்தான் எல்லாம் தெரியும், சொல்லு."

"சொல்றேன். ஆனா இனிமே வாசல்ல நான் நிக்க மாட்டேன். நீங்கதான் நிக்கணும்."

"நின்னுட்டாப் போச்சு!" என்றார் வீரமாக.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகக் கதவு தட்டப்பட்டது. மேயர் போய்த் திறந்தார். கீழத்தெருச் சாக்கடை, சந்தைக் குப்பை, பள்ளிக்கூடத்து விளக்கு என்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. எதிர்த்துப் பேச வெண்கலத் தொண்டைக்கு ஓர் இடைவெளிகூடக் கிடைக்கவில்லை.

உள்ளே மாமியார் இருப்புக்கொள்ளாமல் எழுந்தார். "பாவம்டி, காலையில ஒரு வாய்கூடச் சாப்பிடலை. நீ போய் ரெண்டு வார்த்தை சொல்லேன்..."

"உக்காருங்க அத்தை" என்றாள் அவள், கால்களை நீட்டிக்கொண்டு. "பழகிடும்."